கார் சாவிக்குள் பேட்டரி இல்லாத சிப்: கரன்ட் கொடுப்பது யார்? மைக்கேல் ஃபாரடேயின் கதை

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இருந்து ஏற்றுமதியாகும் கார்களை டிரைவர்கள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, கப்பலுக்குள் ஓட்டிப் போகிறார்கள். அதில் ஒரு கார் தன் சாவியையே அடையாளம் தெரியாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? செல்ஃப் எடுக்கும், இன்ஜின் பிடிக்காது. சில கார்களில் பிடித்த ஓரிரு நொடியில் அணைந்துவிடும். மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

காரணம், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் குட்டி சிப்பை கார் விசாரிக்கும். சரியான பதில் வந்தால்தான் இன்ஜின் ஓடும். அந்த சிப்புக்குப் பேட்டரி கிடையாது. அப்புறம் எப்படி வேலை செய்கிறது? இதற்கான விடையை 1831-லேயே கண்டுபிடித்தவர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு கொல்லர் மகன்.

பைண்டிங் கடைப் பையன்

1791 செப்டம்பர் 22 அன்று லண்டன் அருகே பிறந்தார் மைக்கேல் ஃபாரடே. அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லை, வீட்டில் கஷ்டம். 13 வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலை. பிறகு அங்கேயே 7 வருஷம் பைண்டிங் கற்றுக்கொண்டார்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படிப்பதும் அவர் வழக்கமானது. மின்சாரம் பற்றி கலைக்களஞ்சியத்தில் படித்தார், கையில் இருந்த காசில் சின்னச் சின்ன சோதனைகள் செய்தார். 1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த டிக்கெட்டில், பிரபல விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை அழகாக பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார்.

பைண்டிங் தொழிலையே பார்க்கச் சொன்னார் டேவி. ஆனால் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருந்த உதவியாளர் சண்டை போட்டு வேலையை இழக்க, 1813 மார்ச்சில் அந்த இடம் ஃபாரடேவுக்குக் கிடைத்தது. அதே வருஷம் டேவியோடு ஐரோப்பா போனபோது, வேலைக்காரர் செய்யும் வேலைகளையும் செய்ய வேண்டியிருந்தது. டேவியின் மனைவி அவரைச் சமமாக நடத்தவில்லை. பின்னர் 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது, எதிர்த்தவர் டேவியேதான். ஆனாலும் ஃபாரடே தேர்வானார்.

துடித்த முள்

மின்சாரத்தால் காந்த விளைவு வரும் என்பது 1820-ல் தெரிந்துவிட்டது. அப்படியானால் காந்தத்தால் மின்சாரம் வருமா? ஃபாரடே பல வருஷம் முயன்றார், எதுவும் நடக்கவில்லை.

1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு சுருளைப் பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளோடு இருந்த முள் ஒரு கணம் துடித்து நின்றது. இணைப்பை எடுத்தபோது மறுபடி துடித்தது. நடுவில் அசைவே இல்லை. காந்தப்புலம் சும்மா இருந்தால் போதாது, மாறினால்தான் மின்சாரம் என்பது அன்று புரிந்தது.

ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் இதிலிருந்து வந்தவை. கார் சாவியும் அப்படித்தான். இக்னிஷன் லாக்கைச் சுற்றி ஒரு சுருள் இருக்கும். அதில் மாறிக்கொண்டே இருக்கும் கரன்ட், சாவிக்குள் உள்ள சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். சிப் விழித்துக்கொண்டு தன் குறியீட்டைச் சொல்லும். கம்பித் தொடர்பே தேவையில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

ஃபாரடே ஒவ்வொரு சோதனையையும் எண் போட்டு எழுதி வைத்தவர். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது. தோற்றுப்போன சோதனைகளும் அதில் உண்டு. காரில் பழுது தேடவும் அந்த முறைதான் சரி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

- முதலில் சாவிக்கொத்தில் உள்ள மற்ற சாவிகளைக் கழற்றுங்கள். இன்னொரு சிப் சாவி பக்கத்தில் இருந்தாலே குழப்பம் வரலாம்.
- அடுத்து ஸ்பேர் சாவி. அதில் ஸ்டார்ட் ஆனால் கோளாறு பழைய சாவியில்.
- இரண்டிலும் ஆகவில்லையா? கார் பேட்டரியைப் பாருங்கள்.
- பேட்டரி நன்றாக இருந்தால், லாக்கைச் சுற்றிய சுருள், அதன் கனெக்டர், வயரை மெக்கானிக் பார்க்கட்டும். கடைசியாக ஸ்கேனர்.

ராயபுரம் ஷெட்டோ பெரிய ஷோரூமோ, இந்த வரிசையை விட்டால் நல்ல பாகத்தை மாற்றிவிட்டுக் காசு அழ வேண்டியிருக்கும்.

திருடனைத் தடுக்கும் கூண்டு

1836-ல் ஃபாரடே உலோகம் போர்த்திய ஒரு கூண்டுக்குள் போய் நின்று சோதித்தார். வெளியே எவ்வளவு மின்னேற்றம் செய்தாலும் உள்ளே பாதிப்பில்லை. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலைக் கருவி வைத்துக் காருக்குக் கடத்தித் திருடுகிறார்கள். அதைத் தடுக்க விற்கும் சாவிப் பைகளில் இருப்பது அதே தத்துவம்.

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம் என்றவர் ஃபாரடே. குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் அறிவியல் சொல்லித்தருவதை மட்டும் பல வருஷம் விடாமல் செய்தார். டிக்கெட்டுக்கு வழியில்லாமல் இருந்த பைண்டிங் கடைப் பையனின் சொற்பொழிவுக்கு, பிறகு அரங்கம் நிறைந்தது. 1867 ஆகஸ்ட் 25 அன்று அவர் இறந்தார்.