கதை படிச்சே கதைக்காரர் ஆனவர்

நம் இந்துக் கல்லூரியில் படித்தவர் சொ. விருத்தாசலம். ஊருக்குத் தெரிந்த பேர் புதுமைப்பித்தன். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தாசில்தாராக இருந்த அப்பா ஓய்வு பெற்றதும், 1918-இல் குடும்பம் நெல்லைக்கே திரும்பியது.

பி.ஏ. முடிக்கும்போது வயசு 25, வருஷம் 1931. சர்க்கார் உத்தியோகம் இல்லை, எழுத்துதான் தொழில் என்று சென்னைக்குப் போனார். 1934 முதல் 'மணிக்கொடி'யில் கதைகள். 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று பத்திரிகை வேலைகள்.

கதை எழுதக் கற்றுக்கொண்டது கதை படிச்சுத்தான். உலகத்துச் சிறுகதைகளை ஆங்கிலம் வழியாகப் படிச்சார். ஏறக்குறைய ஐம்பதைத் தமிழாக்கினார். ஆனால் தம் கதைகளில் பிள்ளைமார் வீட்டுத் திண்ணைப் பேச்சையும் தாமிரபரணிக் கரையையும் கொண்டு வந்தார்.

அந்தப் படிப்பு பேர் கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. சினிமாவுக்கு வசனம் எழுதினார், சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார். காசநோய் முந்திக்கொண்டது. 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்; வயது 42.

2002-இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. தம்பி தங்கைகளே, முன்னேறுவதற்கு வழி சொல்லும் புத்தகங்களையும் படியுங்க. கூடவே இந்த நெல்லைக்காரரையும் ஒருதரம் படிச்சுப் பாருங்க.