தாரோகா அப்பாஸ் அலி: கலைஞர்க்கு முகம் தந்தவர்

கலையைப் போற்றிய உலகம் கலைஞரைப் போற்றப் பலகாலும் மறந்தது. ஆடியும் பாடியும் நடித்தும் மகிழ்வித்தோர், அரங்கை விட்டு இறங்கியதும் இழிவாகவே எண்ணப்பட்டனர். அத்தகையோரின் முகங்களை வரலாற்றில் நிலைபெறச் செய்தவருள் ஒருவர், லக்னோவின் ஒளிப்படக் கலைஞர் தாரோகா அப்பாஸ் அலி. தாரோகா என்பது மேற்பார்வையாளரைக் குறிக்கும் பட்டமாகும். நகராட்சிப் பொறியாளராகப் பணியாற்றிய இவர், ஒளிப்படக் கலையிலும் வல்லவராய் விளங்கினார்.

அவர் வாழ்ந்த காலம் லக்னோவுக்குச் சோதனைக் காலம். 1856இல் ஆங்கிலேயர் அவத் அரசைக் கைப்பற்றினர். தாமே நாடகம் இயற்றி அரங்கேற்றிய நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவில் வாழ நேர்ந்தது. 1857ஆம் ஆண்டுப் போர் ஒடுக்கப்பட்டபின், போராளிகளுக்கு உதவினர் எனக் கலைமகளிர் பலரின் வீடுகளும் தோட்டங்களும் பறிக்கப்பட்டன. செல்வர் வீட்டு மைந்தர் இன்சொல்லும் நாகரிகமும் கற்கச் சென்ற இல்லங்கள் அவை! மிகுதியான வரி செலுத்துவோர் வரிசையில் நகரப் பதிவேடுகளில் இடம்பெற்றோர் அம்மகளிர். படைவீரர் நலம் கருதி 1864இல் வந்த சட்டமோ, படைமுகாம்களை அண்டி வாழ்ந்த பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்திற்று. அந்த இழுக்கின் நிழல் கலைமகளிர்மீதும் படிந்தது.

இச்சூழலில், 1874இல் அப்பாஸ் அலி இரண்டு நூல்களை வெளியிட்டார். ஒன்று, லக்னோவின் மாளிகைகளையும் போர் நிகழ்ந்த இடங்களையும் 50 படங்களில் காட்டும் தொகுப்பு. மற்றொன்று, 'லக்னோவின் அழகியர்' எனப் பொருள்படும் தலைப்புடையது. 24 கலைமகளிரின் உருவப்படங்களைக் கொண்டது. பாரிசு நகரத்து டிஸ்டெரி 1854இல் காப்புரிமை பெற்ற சிற்றட்டைப் பட வடிவில் அவை அமைந்தன. ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்கும் முறையால் செலவு குறைந்தது. மன்னர்க்கே உரியதாயிருந்த உருவப்படம் மற்றையோர்க்கும் எட்டியது.

அழகை முன்னிறுத்திய தலைப்பு ஒரு குறையே எனலாம். எனினும், புகழ்பெற்ற பாடகியர், ஆடல்மகளிர், நடிகையர் என அவர்தம் கலையைக் கூறியே அந்நூல் அவர்களை அறிமுகப்படுத்துகிறது. சட்டம் மறைத்த தகுதியை நூல் எடுத்துரைத்தது.

1880இல் அவத் நாட்டு அரசர்கள், தாலுக்தார்கள் எனப்பட்ட பெருநிலக்கிழார்கள் ஆகியோரின் உருவப்படங்களையும் அப்பாஸ் அலி பெருந்தொகுப்பாக வெளியிட்டார். நிலக்கிழாரையும் நடிகையையும் வரலாற்றுக்கு வழங்கியது ஒரே கலைஞரின் கைதான்.

படம் தந்த மதிப்பைச் சமுதாயம் தருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் தோன்றி, நாடக மேடையில் வளர்ந்த கே.பி. சுந்தராம்பாள் சட்ட மேலவை உறுப்பினரானது அம்மாற்றத்தின் ஓர் அடையாளம். பழம்படம் ஒன்றைக் காணும் மாணவர்கள், அதில் உள்ளவரின் அழகோடு அவர்தம் உழைப்பையும் எண்ணுதல் வேண்டும். அதுவே அப்பாஸ் அலிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.