வேதாளரைப் படைத்த லீ பால்க்

மான்குர்த் வாழ் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படக்கதைகளிற் கண்டு மகிழ்ந்த முகமூடி வீரர் வேதாளரைப் படைத்தவர், அமெரிக்கராகிய லீ பால்க் ஆவார். 1911-இல் செயின்ட் லூயிஸ் நகரிற் பிறந்த இவர், 1934-இல் மந்திரவாதி மாண்டிரேக்கையும், 1936-இல் வேதாளரையும் நாளிதழ்கட்கு அளித்தார். சூப்பர்மேன் தோன்றியது 1938-இல்தான்.

பறக்கும் ஆற்றலோ இரும்புடலோ வேதாளருக்கு இல்லை. கடற்கொள்ளையரால் தந்தையை இழந்த ஒருவன் மண்டையோட்டின்மீது செய்த சூளுரையை, அவன் வழியினர் இருபத்தொரு தலைமுறையாகக் காத்தமையே அவர்தம் ஆற்றல். ஆதலின் அவரைச் சாவாதவர் என்றனர் கானக மக்கள்.

நம் பம்பாயில் 1964-இல் தோன்றிய இந்திரஜால் காமிக்ஸ், 1990-இல் நிற்கும்வரை, அவரைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிற் பேசவைத்தது. பால்க் 1999-இல் மறையும்வரை எழுதினார்.

ஊர்விட்டு வந்த நம் வீடுகளிலும் தந்தை கையிலிருந்து மைந்தர் கைக்குச் சேரவேண்டிய பொருள் ஒன்றுண்டு. அது தமிழ் எழுத்து. அத்தொடர் அறாது காப்போமாக.