கடல்நீரை அளந்த கட்சுகோ சருஹாஷி

தீவுகளைக் கடல் பிரிக்கவும் செய்கிறது, இணைக்கவும் செய்கிறது. நிக்கோபார்க் கரையில் உதிர்ந்த தேங்காய் நீரோட்டத்தில் மிதந்து தொலைவிலுள்ள வேறொரு கரையில் ஒதுங்கக் கூடும். நீரில் கலந்த நஞ்சும் அவ்வாறே பயணம் செய்யும். அந்தப் பயணத்தை அளந்து உலகிற்குக் காட்டியவர்களுள் ஒருவர் ஜப்பானிய வேதியியல் அறிஞர் கட்சுகோ சருஹாஷி.

அவர் 1920ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, சன்னல் கண்ணாடியில் வழிந்தோடும் மழைத்துளிகளைக் கண்டு, மழை எதனால் பெய்கிறது என்று வியந்தார். படிப்பு முடிந்ததும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியில் சேர்ந்தார். ஆயினும் அறிவியல் ஆர்வம் அவரை விடவில்லை. 21ஆம் வயதில் அப்பணியைத் துறந்து, மகளிர் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். 1943இல் பட்டம் பெற்று, வானிலை ஆய்வுத் துறையில் யாசுவோ மியாகே என்னும் அறிஞரின் ஆய்வகத்தில் பணியாற்றத் தொடங்கினார்.

1954ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவுக்கூட்டத்தின் பிகினிப் பவளத்தீவில், அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு. பவளப்பாறை பொடியாகி வானில் எழுந்து, கதிரியக்கச் சாம்பலாகக் கீழே இறங்கியது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ரோங்கெலாப் தீவின் மீதும் அச்சாம்பல் பொழிந்தது. அது யாதென அறியாத சிறுவர்கள் அதில் விளையாடினர். விரைவில் மக்களுக்கு வாந்தியும் தோற்புண்ணும் உண்டாயின. இரண்டு நாள்களுக்குப் பின்னரே அவர்கள் அத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றும் அச்சாம்பலில் நனைந்தது. அதிலிருந்த 23 மீனவரும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். செய்தி அறிந்த உலகம் அதிர்ந்தது. ஏப்ரல் 2ஆம் நாள், இத்தகைய சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று இந்தியப் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் வலியுறுத்தினார்.

கடலிலும் மழையிலும் எவ்வளவு கதிரியக்கம் கலந்துள்ளது என்பதை ஆராயும் பொறுப்பை ஜப்பானிய அரசு மியாகேயின் ஆய்வகத்திடம் ஒப்படைத்தது. அப்பணியில் சருஹாஷி முழுமூச்சாக ஈடுபட்டார். கடல்நீரில் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் மிக மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும். நீரை நிறையச் சேகரித்து, அதிலுள்ள சீசியத்தை வேதிமுறையில் பிரித்தெடுத்து, அதன் பின்னரே கதிர்வீச்சை எண்ண வேண்டும். சிறு கவனக்குறைவும் கணக்கைப் பிழையாக்கிவிடும்.

பிகினியில் கலந்த நஞ்சு எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவவில்லை என்பதை அவருடைய அளவீடுகள் உணர்த்தின. நீரோட்டங்கள் அதனை மேற்கே கொணர்ந்து, பின்னர் ஜப்பானை நோக்கித் திருப்பியிருந்தன. ஆகவே அமெரிக்காவின் மேற்குக் கரையைவிட ஜப்பானியக் கடற்பகுதியில் சீசியம் மிகுந்திருந்தது. அமெரிக்க அறிஞர் சிலர் இதனை ஏற்கவில்லை. அளந்த முறையிலேயே பிழை இருக்கலாம் என ஐயுற்றனர்.

சருஹாஷி சொற்போரில் இறங்கவில்லை. 1962இல் அமெரிக்கா சென்று, ஸ்கிரிப்ஸ் கடலியல் ஆய்வு நிறுவனத்தில் தம் முறையைச் சோதனைக்கு உட்படுத்தினார். அங்கிருந்த அறிஞர் ஃபோல்சமும் அவரும் ஒரே வகைக் கடல்நீரைத் தத்தம் முறையில் ஆராய்ந்தனர். மாதக்கணக்கில் நடந்த அவ்வாய்வின் முடிவில், இருவர் அளவுகளும் நெருங்கிப் பொருந்தின. ஐயம் அகன்றது.

1963இல் வானிலும் நீரடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடை செய்யும் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. அதற்கு வலுச்சேர்த்த அறிவியல் சான்றுகளுள் சருஹாஷியின் அளவீடுகளும் அடங்கும். எனினும், நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. ரோங்கெலாப் மக்களின் துயரும் தீரவில்லை.

1957இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் சருஹாஷியே. 1980இல் ஜப்பான் அறிவியல் மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. தாம் நடந்த கடினமான பாதை பிற பெண்களுக்கு எளிதாக வேண்டும் என விரும்பி, இளம் பெண் அறிவியலாளர்க்குப் பரிசு ஒன்றை நிறுவினார். அது 1981 முதல் வழங்கப்பட்டு வருகிறது. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், 87ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வினாக்கள்

1. ரோங்கெலாப் மக்கள் நோயுற்றது ஏன்?
2. ஜப்பானியக் கடற்பகுதியில் சீசியம் மிகுந்திருந்ததற்குக் காரணம் யாது?
3. தம் அளவீட்டின் மீது எழுந்த ஐயத்தைச் சருஹாஷி எவ்வாறு போக்கினார்?
4. உங்கள் தீவின் கரையில் ஒதுங்கும் பொருள்களை ஒரு வாரம் கவனித்து, அவை எங்கிருந்து வந்திருக்கக் கூடும் என ஐந்து வரிகளில் எழுதுக.