சமஸ்கிருதத்தில் ஒலித்த பிரித்தானிய கீதம்

வெள்ளவத்தையில் நான் படித்த பாடசாலையில் தேசிய கீதத்தைத் தமிழில்தான் பாடினோம். 2016 சுதந்திர தின விழாவில் அது தமிழிலும் ஒலித்தது. 2020 விழாவில் ஒலிக்கவில்லை. அந்த நாட்களில்தான் மாக்ஸ் முல்லரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1823இல் ஜெர்மனியின் டெசாவ் நகரில் பிறந்தவர். கவிஞரான தந்தையை நான்கு வயதுக்கு முன்பே இழந்தார். ஒக்ஸ்ஃபோர்டில் குடியேறி ரிக் வேதத்தைப் பதிப்பித்தார். ஆனாலும் 1860இல் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கான தேர்தலில் மோனியர் வில்லியம்ஸிடம் தோற்றார்.

1886 மே 4 அன்று லண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்தில் குடியேற்ற நாடுகள், இந்தியக் கண்காட்சியை விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார். டெனிசன் எழுதி சலிவன் இசையமைத்த வாழ்த்துப்பா பாடப்பட்டது. பிரித்தானிய தேசிய கீதத்தின் இரண்டாம் சரணத்தைப் பாடகர் குழு சமஸ்கிருதத்தில் பாடியது. மொழிபெயர்த்தவர் முல்லர். கண்காட்சியில் இலங்கைக்கும் ஓர் அரங்கு இருந்தது. ஆனால் இலங்கையர் வீட்டில் பேசிய தமிழுக்கோ சிங்களத்துக்கோ அந்தக் கீதத்தில் இடம் கிடைக்கவில்லை.

இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காமலே முல்லர் 1900இல் காலமானார். பேரரசு தன் கீதத்துக்கு இன்னொரு மொழியைச் சேர்த்தபோது, மக்கள் பேசும் மொழியை விட்டு ஏட்டு மொழியையே எடுத்தது. அலங்காரத்துக்கு அது போதும். உரிமைக்குப் போதாது. அந்த வித்தியாசம் 2020 பெப்ரவரியில் எனக்கு நன்றாகவே விளங்கியது.