கப்பி மீனுக்குப் பெயர் தந்த மனிதர்: யார் இந்த லெக்மியர் கப்பி?

வீட்டில் மீன்தொட்டி வைத்த பலருக்கும் முதல் மீன் கப்பிதான். 'கப்பி' என்பது உண்மையில் ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

யார் அவர்?

ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி 1836இல் லண்டனில் பிறந்தார். வளர்ந்தது ஹியர்ஃபோர்ட்ஷயரில், தாத்தா பாட்டி வீட்டில். 18 வயதில் இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறினார். 1856இல் நியூசிலாந்து கரையில் கப்பல் உடைந்தது. அங்கே மாவோரி மக்களோடு சுமார் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, பெற்றோர் வாழ்ந்த டிரினிடாட் தீவுக்குப் போனார். கல்யாணம், வேலை எல்லாம் அங்கேதான்.

பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக இருந்தார். அறிவியலை முறைப்படி படித்தவரில்லை. ஆனாலும் கரீபியப் பகுதியின் பாறைகள், சிப்பிகள், புதைபடிவங்கள் பற்றித் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

மீனுக்கு அவர் பெயர் எப்படி வந்தது?

டிரினிடாடில் பிடித்த சின்ன மீன்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர், 1866இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்.

ஆனால் இதே மீனை வெனிசுவேலாவில் இருந்து பெற்ற ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ், 1859இலேயே விவரித்துவிட்டார். முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது விதி. அதனால் இன்றைய அறிவியல் பெயர் 'பொசிலியா ரெட்டிகுலேட்டா'. புத்தகத்தில் கப்பி தோற்றார். மக்கள் வாயில் ஜெயித்தார்.

அவர் அனுப்பியதும் கடை மீனும் ஒன்றா?

இனம் ஒன்றுதான், தோற்றம் வேறு. கடையில் பார்க்கும் விசிறி வால், மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. கப்பி பார்த்த காட்டு வகையில் ஆண் மீன் சுமார் 3 செ.மீ. தான் இருக்கும். வால் சின்னது. உடம்பில் ஆரஞ்சு, கறுப்பு, நீலப் புள்ளிகள். ஒரு ஆணின் கோலம் இன்னொன்றுக்கு இருக்காது. இதற்காகவே காட்டு வகையை, கடை மீனோடு கலக்காமல், தனித் தொட்டியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு ஈற்று. ஒருமுறை இணை சேர்ந்த பெண், ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். அதாவது ஒரே ஒரு பெண் மீன் போதும், ஒரு குளத்தையே நிரப்பிவிடும்.

கொசுப் புழுவைத் தின்னும் என்பதால் இந்தியாவில் அரசே இதை நீர்நிலைகளில் விட்டிருக்கிறது. அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கும் இந்த மீன், உள்ளூர் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிறது என்று சூழலியலாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

தொட்டியில் குட்டி பெருத்துவிட்டதா? வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், இல்லை கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

லெக்மியர் கப்பி 1916இல் டிரினிடாடிலேயே காலமானார். வாழ்நாள் முழுக்க அவர் தேடியது சிப்பியும் புதைபடிவமும். உலகம் நினைவில் வைத்ததோ, அவர் அனுப்பிய அந்தச் சின்ன மீனை.