டெலிவிஷனைத் தந்த உழவர் மகன்

சிறகு முளைத்த ஒரு பெண். கைகளை உயர்த்தி, ஓர் அணுவை ஏந்தி நிற்கிறாள். சிலை முழுவதும் பொன் நிறம்.

அமெரிக்காவில் டெலிவிஷன் துறையில் சிறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசுச் சிலை இது. இதன் பெயர் 'எம்மி'. நடிகர்களும் கதாசிரியர்களும் மட்டும் இதைப் பெறுவது இல்லை. காமிராக்காரர்கள், ஒலிப்பதிவு செய்கிறவர்கள், புதுக் கருவிகளை உண்டாக்கும் என்ஜினீயர்கள் ஆகியோரும் பெறுகிறார்கள். பெண்ணின் சிறகு கலையைக் குறிக்கிறது. கையில் உள்ள அணு விஞ்ஞானத்தைக் குறிக்கிறது.

'எம்மி' என்பது யார் பெயர்?

அது ஒரு பெண்ணின் பெயர் அல்ல. ஒரு காமிராக் குழாயின் பெயர்! அந்தக் காலத்து டெலிவிஷன் காமிராவில் 'இமேஜ் ஆர்த்திகான்' என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. என்ஜினீயர்கள் அதைச் செல்லமாக 'இம்மி' என்று அழைத்தார்கள். பரிசுச் சிலை பெண் உருவமாக அமைந்ததால், 'இம்மி' என்பது 'எம்மி' ஆயிற்று. 1949-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, ஹாலிவுட்டில் முதல் பரிசளிப்பு விழா நடந்தது.

அந்தக் குழாய்க்குள் ஓர் உழவர் மகனின் யோசனையும் அடங்கி இருந்தது. அவர்தான் பைலோ பார்ன்ஸ்வொர்த்.

வயலில் பிறந்த யோசனை

1906-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி, யூட்டா மாநிலத்தில் பீவர் என்ற ஊருக்கு அருகே, மரக்கட்டைகளால் கட்டிய வீடு ஒன்றில் பைலோ பிறந்தார். அவர்தான் வீட்டுக்கு மூத்த பிள்ளை.

சிறுவனாக இருந்தபோது குடும்பம் ஐடஹோ மாநிலத்தில் ரிக்பி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இருந்த பண்ணை வீட்டில் மின்சாரம் இருந்தது. சிறுவனுக்கு அது பெரிய அதிசயம். மின்சார எந்திரம் பழுதானால் அவனே சரி செய்வான். பரணில் கிடந்த பழைய விஞ்ஞானப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பான். மோட்டார் காரைத் திருடர்களிடம் இருந்து காக்க ஒரு பூட்டு கண்டுபிடித்து, பத்திரிகைப் போட்டி ஒன்றில் 25 டாலர் பரிசும் பெற்றான்.

அவனுக்கு 14 வயது. ஒருநாள் வயலில் உழுதுகொண்டு இருந்தான். திரும்பிப் பார்த்தால், உழுத சால்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சட்டென்று ஒரு யோசனை உதித்தது.

நாம் புத்தகத்தை எப்படிப் படிக்கிறோம்? பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் படிப்பது இல்லை. வரி வரியாகப் படிக்கிறோம். படத்தையும் அப்படியே வரி வரியாகப் பிரித்து அனுப்பினால் என்ன? மறுமுனையில் அந்த வரிகளை மின்னல் வேகத்தில் அடுக்கினால், கண்ணுக்கு முழுப் படமாகத் தெரியுமே!

படத்தைத் தொலைவுக்கு அனுப்ப அப்போது மற்றவர்களும் முயன்று வந்தார்கள். ஓட்டைகள் போட்ட சக்கரத்தைச் சுழற்றிப் படத்தை அனுப்பப் பார்த்தார்கள். படம் மங்கலாகத்தான் வந்தது. சக்கரமே வேண்டாம், எலெக்ட்ரான் என்ற நுண்ணிய மின் துகள்கள் அந்த வேலையைச் செய்யட்டும் என்பது பைலோவின் எண்ணம்.

1922-ல் அதைப் பள்ளி ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் படம் வரைந்து விளக்கினான். ஆசிரியர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். மனதில் வைத்துக்கொண்டார்.

ஒரு கோடு தெரிந்தது!

1924-ல் தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு பைலோவின் தலையில் விழுந்தது. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. கிடைத்த வேலைகளைச் செய்தார். ஆனால் யோசனையை மட்டும் விடவில்லை.

1926-ம் ஆண்டு மே மாதம், பெம் கார்டனர் என்ற பெண்ணை மணந்தார். ஜார்ஜ் எவர்சன் என்பவரும் அவரது நண்பரும் முதலில் 6,000 டாலர் கொடுத்து உதவினார்கள். பின்னர் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பணக்காரர்கள் சிலர் 25,000 டாலர் கொடுக்க முன்வந்தார்கள். அங்கே கிரீன் தெருவில் சிறிய ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. பெம் வரைபடம் வரைந்தார். பற்ற வைக்கும் வேலையும் கற்றுக்கொண்டார். பெம்மின் சகோதரர் கண்ணாடி ஊதப் பழகி, குழாய்களைச் செய்து கொடுத்தார். குடும்பமே கூடி உழைத்தது.

1927-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சோதனை நடந்தது. ஓர் அறையில் கோடு தீட்டிய கண்ணாடித் துண்டைக் காமிராவின் முன் வைத்தார்கள். அடுத்த அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரையில் ஒரு கோடு தெரிந்தது! கண்ணாடியைத் திருப்பினார்கள். திரையில் கோடும் திரும்பியது!

அப்போது பைலோவுக்கு வயது 21.

பணம் போட்டவர்களோ, டாலர் எப்போது கண்ணில் படும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பைலோ அவர்களை அழைத்துத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அது டாலர் குறி!

சிறியவரும் பெரியவரும்

1930-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அமெரிக்காவின் மிகப் பெரிய ரேடியோ கம்பெனியான ஆர்.சி.ஏ.யும் டெலிவிஷனில் இறங்கி இருந்தது. ஸ்வோரிகின் என்ற பெரும் விஞ்ஞானி அங்கே பணியாற்றினார். 1931-ல் கம்பெனி பைலோவுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. அவர் தம் உரிமையை விற்க மறுத்துவிட்டார்.

யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் தகராறு மூண்டது. வழக்குக்குப் பணம் தண்ணீராகச் செலவாயிற்று. பழைய ஆசிரியர் டோல்மன் வந்து சாட்சி சொன்னார். பள்ளிச் சிறுவன் ஒருவன் வரைந்து காட்டியதை அவர் மறக்கவில்லை. 1934-ல் காப்புரிமை அலுவலகம் பைலோவின் பக்கம் தீர்ப்பு அளித்தது. 1939-ல் அந்தப் பெரிய கம்பெனி, அவரது உரிமைகளைப் பயன்படுத்த 10 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது.

வெற்றி கிடைத்தது. ஆனால் அதை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. இடையில் 1932-ல் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார். ஓயாத உழைப்பால் உடல்நலம் கெட்டது. உலகப் போர் வந்ததும், 1942-ல் டெலிவிஷன் பெட்டிகள் செய்வது நிறுத்தப்பட்டது. போர் முடிந்து வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வரத் தொடங்கிய நேரத்தில், 1947-ல், அவரது முக்கியமான காப்புரிமை காலாவதி ஆயிற்று.

1957-ல் டெலிவிஷன் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் அவர் தோன்றினார். அவருடைய ரகசியம் என்ன என்று அங்கிருந்தவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். டெலிவிஷனைக் கண்டுபிடித்தவர் இவர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை! அவருக்குக் கிடைத்த பரிசு 80 டாலரும், ஒரு பெட்டி சிகரெட்டும்தான்.

டெலிவிஷனில் வந்த நிகழ்ச்சிகள் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. தம் பிள்ளைகள் அதன் முன் உட்காருவதை அவர் விரும்பவும் இல்லை. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்ற வருத்தம் இருந்தது.

அந்த வருத்தம் ஒருநாள் தீர்ந்தது. 1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அந்தக் காட்சியைப் பைலோவும் மனைவியும் வீட்டில் இருந்தபடியே பார்த்தார்கள். பட்ட பாடு வீண் போகவில்லை என்று அப்போது மனைவியிடம் கூறி அவர் மகிழ்ந்தார்.

1971-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, 64-வது வயதில், கடன் சுமையோடு அவர் காலமானார்.

மனைவி ஓயவில்லை

கணவரின் பெயர் மறைந்து போகக்கூடாது என்று பெம் உறுதி பூண்டார். 35 ஆண்டுகள் ஓயாமல் பாடுபட்டார். 1983-ல் அமெரிக்க அரசு பைலோவின் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. பெம் 2006-ல் 98-வது வயதில் மறைந்தார்.

எம்மி பரிசு வழங்கும் டெலிவிஷன் அகாடமியும் பைலோவை மறக்கவில்லை. 2013-ல் தனது புகழ் மண்டபத்தில் அவரது பெயரைச் சேர்த்தது. என்ஜினீயரிங் எம்மி பரிசுகளில் ஒன்றுக்கு 'பைலோ பார்ன்ஸ்வொர்த் விருது' என்றே பெயர். டெலிவிஷன் தொழில் நுட்பத்துக்கு நெடுங்காலம் தொண்டு செய்த கம்பெனிகளுக்கும் நிறுவனங்களுக்கும் அது வழங்கப்படுகிறது.

பெரிய கம்பெனியை எதிர்த்துத் தனி ஆளாகப் போராடியவர் பைலோ. இன்று பெரிய கம்பெனிகள் மேடை ஏறி, அவர் பெயர் கொண்ட விருதைக் கை நீட்டி வாங்குகின்றன!